கைப்பிடி

கெமியார்வியில் பனி ஜன்னல் வரை.
நகராட்சி வண்டியில் ரீக்கா வந்து
குளியலறைச் சுவரில் துளை போட்டாள்.
"யாருக்கு இது?" என்றார் தாவெட்டி.
"சுவருக்கு" என்றாள்.

நல்லது, சாக்ஸ் காயப் போடலாம்.

போட்டார். மூன்று ஜோடி, எப்போதும் ஈரம்.
செவ்வாய்தோறும் சூப் கொண்டுவருபவர்
எடுத்து மடித்து வைப்பார்;
மறுநாள் மறுபடியும் தொங்கும்.

அவசரப் பொத்தானை நாயின் கழுத்தில் கட்டியிருந்தார்.
நாய் சொறிந்துகொள்ளும்போதெல்லாம்
"தாவெட்டி, நலமா?" என்று சுவர்ப்பெட்டி கேட்கும்.
"நாய்தான்" என்பார்,
அப்புறம் பத்து நிமிடம் பேசுவார்.

மார்ச்சில் ஒரு காலை
சாக்ஸ் எல்லாம் தரையில்.
தாவெட்டி மேசையருகே, காபியோடு.
ரீக்கா கைப்பிடியைப் பார்த்தாள்:
ஒரு திருகு மட்டும் அரைச் சுற்று தளர்ந்திருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.
முறுக்கினாள்.
சாக்ஸைத் திரும்பத் தொங்கவிட்டாள்.