சந்தையின் அளவு

ஔலு நகரக் கூட்டுறவு வங்கி,
கடன் பிரிவு, மூன்றாம் மேசை: நான்.
ரைசா கெம்ப்பைனன் ஒரு கையுறையை மட்டும் கழற்றி
ஒரு போனை என் பக்கம் தள்ளினாள்.
ஹில்லா என்று பெயர்.
சதுப்பில் பழுக்கும் மஞ்சள் பழத்தின் பெயர்.
உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்தாலும்
எங்கள் ஐஸ் ஹாக்கி அரங்கைப்
பத்து முறை நிரப்பாத கூட்டம்
அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறது.

அதற்கொரு செயலி எழுதியிருக்கிறாள்:
தீவுக்குப் போகும் பனிச்சாலை நெடுக
கடல் எவ்வளவு உறைந்திருக்கிறது,
சென்டிமீட்டரில்.
இன்னும் இரண்டு எழுத, ஓர் ஆளைச் சேர்க்க,
நாற்பதாயிரம் யூரோ.

"எல்லாரும் வைத்திருக்கும் போனுக்கு
எழுதினால் என்ன?"
அப்படிக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.

எழுதினாளாம்.
கோடிப் பேர் நடமாடும் அந்தக் கடையில்
பனி என்று தேடினால்
முதலில் ஐஸ்கிரீம் விளையாட்டு, பிறகு வால்பேப்பர்,
பிறகு காசு கொடுத்து முன்னால் நிற்பவர்கள்.
"என் அக்காவுக்கே நான் அகப்படவில்லை.
லிங்க் அனுப்ப வேண்டியதாயிற்று."
வருடத்தில் வந்தது நூற்றுப் பதினோரு யூரோ.
விளம்பரத்துக்குப் போனது அறுநூறு.

ஹில்லாவின் கடையில் பனி என்று தேடினால்
அவள் மட்டும்.
இறக்கியவர்கள் 2306.
வருடம் ஒன்பது யூரோ கட்டுகிறவர்கள் 1911.
என் கால்குலேட்டர் 17,199 என்றது.
மறுபடி தட்டினேன். அதையேதான் சொன்னது.

ஆலை இல்லாத ஊரில்
இலுப்பைப்பூவுக்குச் சர்க்கரை என்று பேர்,
அவ்வளவுதானே என்று நினைத்தேன்.
ஆனால் இலுப்பைப்பூவுக்கு
இரண்டாம் வருடமும் யார் பணம் கட்டுவார்கள்?
கட்டியிருக்கிறார்கள்,
பத்தில் ஒன்பது பேர்.
பிழை வந்தால் ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டுவதில்லை,
எந்தத் திரையில், எத்தனை மணிக்கு என்று
எழுதி அனுப்புகிறார்கள்.
தீவின் தபால்காரர் ஒருவர்
தானே துளையிட்டு அளந்து
தினமும் காலை ஓர் எண் அனுப்புகிறார்.
கூலி கேட்டதில்லை.

"அந்தக் கம்பெனியே மூழ்கிவிட்டால்?"

ஜன்னலைப் பார்த்தாள். வெளியே மணி இரண்டு, இருட்டு.
"சாலை ஏப்ரலில் கரையும்.
அதற்காக ஜனவரியில் யாராவது
போடாமல் இருக்கிறார்களா?
எத்தனை டன் தாங்கும் என்று
பலகை வைப்பார்கள். அவ்வளவுதான்."

எத்தனை டன் தாங்கும்?
அன்று மாலை முழுக்க அதைத்தான் கணக்குப் போட்டேன்.
நாற்பது தாங்காது.
பதினைந்தாயிரம், இரண்டு வருடம், என்று எழுதினேன்.
அவள் பேரம் பேசவில்லை.
"அப்படியானால் ஆள் வேண்டாம்" என்றாள்,
கழற்றிய கையுறையைத் தேடினாள்.
என் கோப்புக்கு அடியில் இருந்தது.

போன மாதம் பதினான்காம் தேதி
ஹில்லா கம்பெனி பாதிப் பேரை
வீட்டுக்கு அனுப்பியது.
பதினைந்தாம் தேதி
தவணை வந்தது, வழக்கமான நேரத்துக்கு.
பதினாறில் நான் அந்தப் போனில் ஒன்று வாங்கினேன்.
பழையது, கீறல் விழுந்தது.
திறந்தேன்: இன்று 41. மூன்று டன் வரை.

விண்ணப்பத்தில் சந்தையின் அளவு என்ற கட்டத்தில்
சிறியது என்று எழுதியிருந்தேன்.
அடுத்த கட்டம், அபாயம்.
அதில் நான் எழுதியதற்கு
மேலதிகாரி இன்னும் விளக்கம் கேட்கிறார்:
ஏப்ரல்.