விரலகலக் கறுப்பு

செக்காலை ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
மேசைமேல் மூன்று திரைகள்.
நடுவில் உள்ளது தவணையில் வந்தது,
இன்னும் ஏழு மாதம் பாக்கி.
இடப்பக்கம், புதுவயலில் மூடிய பிரவுசிங் சென்டரின் மிச்சம்.
யாரோ ஒட்டிய முருகன் ஸ்டிக்கரைச் சுரண்டினேன்,
வேல் மட்டும் போகவில்லை.
வலப்பக்கத்தை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன்,
கட்-அவுட் ஆட்கள் நின்றபடி வருவதற்கு.

ஒன்று போதாதா என்றார் கடைக்காரர் அடைக்கலவன்.
போதுமென்றுதான் ஆறு வருடம் இருந்தேன்.
பெயரைப் பார்த்தால் ஓரம் தெரியாது,
ஓரத்தைப் பார்த்தால் பெயர் தெரியாது,
சாவித் துவாரம் வழியே
கல்யாண வீட்டைப் பார்த்தது மாதிரி.
இப்போது வேலை நடுவில்.
வாட்ஸப்பில் வந்த பதினேழு திருத்தம் இடதில்.
வலதில், நாளைக் காலை புது பஸ் ஸ்டாண்டில்
கும்பிட்டு நிற்க வேண்டியவர்
இன்னும் கால் இல்லாமல்.

கம்ப்யூட்டருக்கு என் மேசை தெரியாது.
முதல் வாரம், வலது ஓரத்தில் மறைந்த அம்புக்குறி
இடது கோடியில் எட்டிப் பார்த்தது,
முகப்பில் நுழைந்த பூனை
பின்கட்டு தாண்டி அடுத்த தெருவில் வந்தது போல.
அதற்கு வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டேன்.
என் கழுத்துக்குத்தான் சொல்ல முடியவில்லை.
சாமி கும்பிடும்போதும் அரைவாசி இடப்பக்கம் திரும்பியே நிற்கிறது.

மெய்யம்மை கல்யாணம்.
ஆயிரத்தெண்ணூறு அழைப்பிதழ், வாசலுக்கு இருபதடி பேனர்.
பேனரை இரண்டு திரையிலும் நீள விரித்தேன்.
சட்டமும் சட்டமும் ஒட்டுகிற
விரலகலக் கறுப்பில்
பெயர் முறிந்தது.
இடதில் மெய்.
நடுவில் யம்மை.
துணியில் இந்தப் பிளவு வராது, தெரியும்.
தெரிந்தும் மதியச் சோற்றை மறந்து
அதை நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

ஆனால் தகராறு சிவப்பில்தான் வரும்.
அரக்குச் சிவப்பு என்றார் பெண்ணின் மாமா சாத்தப்பன்.
மெஜந்தா நூறு, மஞ்சள் எண்பது,
சயான் இருபது, கறுப்பு பதினைந்து.
எண் ஒன்றுதான்.
நடுவில் அது கோவைப்பழம்,
இடதில் செங்கல் பொடி,
வலதில் நேற்றைய வத்தக்குழம்பு.
போன தையில் நடுத்திரையைக் காட்டிச் சம்மதம் வாங்கினேன்.
அச்சு வேறாக வந்தது, பாதிப் பணம் வரவேயில்லை.
அன்றிலிருந்து வாடிக்கையாளர் நாற்காலி
இடத்திரைக்கு எதிரே.
மங்கல்தான். ஆனால் காகிதம் சொல்லப்போவதை
முந்திச் சொல்வது அது ஒன்றுதான்.
நல்ல திரை எல்லாரையும் அழகாக்கிவிடுகிறது.

நாலு மணிக்கு மாமாவோடு பெண்ணே வந்தாள்,
கைப்பையில் ரவிக்கைத் துணி.
ஒவ்வொரு திரையிலும் துணியை ஒட்டிப் பார்த்தாள்.
எதிலும் சேரவில்லை.
ஜன்னலைத் திறந்து வெயிலில் நீட்டினாள்.
நாலாவதாக ஒரு சிவப்பு.
"இந்த மானிட்டருக்குத் தவணை கிடையாதுல்ல" என்றாள்.
மாமா போனில் பந்தல்காரனோடு இருந்தார்.

பிறகு நிறத்தை அவள் பார்க்கவேயில்லை.
பேனரைக் கோடிக்குக் கோடி,
உதடு அசைய,
விலாசத்தின் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.
"மூணு ஸ்க்ரீன் இருக்கு.
எங்க அப்பா எதுலயும் இல்லையே."

பதினேழு திருத்தத்திலும் அது இல்லை.
மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.
நாள் முழுக்க அந்தப் பெயரைத் தூக்கித் தூக்கி வைத்த நான்
முன்னால் ஓர் எழுத்து குறைவதைப் பார்க்கவில்லை.

பெயருக்கு முன்னால் அம்புக்குறியை வைத்து
அடித்தேன்: சித.

வரி தானாகத் தள்ளிப் போனது.
மெய், கறுப்பைத் தாண்டி யம்மையோடு சேர்ந்தது.
பளபளக்கும் நடுத்திரையில் முழுசாக மெய்யம்மை,
இடதில், வேல் ஒட்டிய மூலைக்குக் கீழே,
புள்ளியோடு அப்பா.

"இப்படியே இருக்கட்டுமா?" என்றேன்.
"துணியில் சேர்ந்துதானே வரும்?" என்றாள்.
வரும் என்றேன்.