வானுக்கடியில்

ஓல்ட்டன். மைனஸ் ஆறு.
வானுக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
இந்த வானும் பொழிகிறது,
கறுப்பாய், ஒவ்வொரு துளியாய்.

எண்பது-தொண்ணூறு மலிவுதான்;
இந்தக் குளிருக்குப் பாணியாய் இறுகும்.
எழுபத்தைந்து-தொண்ணூறு வாங்கினேன்.
ஜெசிந்தா பில்லைப் பார்க்கவில்லை,
மூன்று நாளாய் என்னையும்.

நிரப்புகிற நட்டை
முதலில் கழற்றிப் பார்க்கவேணும்.
வடித்தபின் அது அசையாவிட்டால்
வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.
சண்டைக்கு முன்
எனக்கிது தோன்றவில்லை.

காந்தத்தில் சாம்பல் பசை,
பதினொரு வருடம் பல்லோடு பல் உரசியது.
மூடியைச் சுரண்டித் துடைத்து
ஒவ்வொரு துளையையும் சுற்றிச் சிலிக்கன் இழுத்தேன்.
ஒரு மணித்தியாலம் தொடக்கூடாது.

வளைவில் ஒரு சில்லு விரையும்,
மற்றது பொறுக்கும்.

கந்தக நாற்றத்தோடு மேலே போனேன்.
"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

ஒயில் இன்னும் ஊற்றவில்லை.