நாலாவது கடிதம்

இரவு ஒன்றரைக்கு
மாலுபணிசும் பிளேன்டீயும் வந்தன.
மட்டக்களப்பில், கல்லூரி மண்டபத்தில்,
மேசைக்கு ஆறு பேர்.
கயிற்றுக்கு அப்பால் கொட்டாவியோடு கட்சி முகவர்கள்.
எனக்கு விழுந்தது
பழுதான வாக்குகளின் கட்டு.

பதினைந்து வருடம் கமநல நிலையத்தில்
விண்ணப்பம் வாங்கிய கை இது.
தாளைப் பிரிக்கும்போதே
மூலையில் திகதி தேடும்.

முதல் தாளில் ஒன்றுமே இல்லை.
நாலாக மடித்து,
மடிப்பை நகத்தால் அழுத்தி,
அந்த ஒன்றுமில்லாததை
அவ்வளவு பத்திரமாகப் போட்டிருக்கிறார் ஒருவர்.
அடுத்ததில் எல்லாச் சின்னத்துக்கும் புள்ளடி,
கலியாண வீட்டில் ஒருத்தரையும் விடாமல்
வெற்றிலைத் தட்டு நீட்டியதுபோல.
இன்னொன்றில் கணக்கு:
எடுத்த கடன் எண்பதாயிரம்
கட்டினது அறுபத்திரண்டு
மிச்சம் தொண்ணூறு.
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
அந்தக் கொம்பனிக்குச் சரியான கணக்குத்தான்.

வராதவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு.
அவர்களின் தாள்கள் கிழிபடாமல்
புத்தகத்திலேயே இருக்கின்றன.
அதையும் எண்ணவேண்டும்.
என் வாக்கு தபாலில் எப்போதோ போய்விட்டது.
ஆருக்குப் போட்டீங்க என்று மனைவி கேட்டாள்.
யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு தாளில் யானை வரைந்திருந்தது.
தும்பிக்கை நீளம், வால் கொஞ்சம்.
"இது எந்தக் கட்சிக்கு?" என்றார் ஒரு முகவர்.
"இந்த முறை பட்டியல்ல யானை இல்ல, சேர்."
"காட்டுல இருக்கு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
மேசை முழுக்கச் சிரித்தது.
நானும்.

யானைக்குக் கீழே எழுத்து.
'ள'வுக்கு வால் முளைத்து
அடுத்த வரியை மிதிக்கும்.
இந்தக் கையை எனக்குத் தெரியும்.

பெயர் சொல்லமாட்டேன், வாக்கு இரகசியம்.
வெல்லாவெளிக்கும் அங்கால் ஒரு வட்டை,
அவ்வளவுதான்.
மூன்று கடிதம் என் அலுமாரியில் கிடக்கின்றன.
முதலாவது: விதைநெல் மூன்று அவணம், சுவர் ஒன்று.
இரண்டாவது: படம் இணைத்துள்ளேன்.
மூன்றாவது: மனுசிக்கு இடுப்பெலும்பு, ஐயா.
மூன்றின் மூலையிலும் நான் எழுதினேன்
'உரிய அதிகாரியின் கவனத்துக்கு.'
உரிய அதிகாரி மாற்றலாகி அம்பாறை போய்
அங்கேயே ஓய்வும் பெற்றுவிட்டார்.

இப்போது வாக்குத்தாளில்,
சின்னங்களின் இடுக்கில் நெளிந்து நெளிந்து:

"ஐயாமாருக்கு, இது நாலாவது கடிதம்.
பெட்டிக்குள்ள போட்டா சீல் வச்சு
பொலிசுக் காவலோட கொண்டுபோவாங்களாம்.
ஆராவது ஒருத்தர் கையால பிரிச்சுப் பாப்பாராம்.
மத்தக் கடிதங்களுக்கு இது நடக்கல்ல.
மறுகா, ஆருக்கும் புள்ளடி போட மனம் வரல்ல.
கோவிக்க வேணாம்."

புள்ளடி கேட்டு அச்சடித்த தாளில்
யானையடி.

காவலோடுதான் வந்தது.
சீலை உடைத்துத்தான் எடுத்தோம்.
கையால் பிரித்துப் பார்த்த ஒருத்தர்
நான்.

சத்தியவரதன் சேர் கண்ணாடியை இறக்கி
ஒரு தரம் பார்த்தார்.
"வாக்காளரின் எண்ணம் தெளிவில்லை.
போடுங்க."
போட்டேன்.
மை காய்ந்த சீல், பாதிதான் விழுந்தது,
யானையின் முதுகில்.
மற்றப் பாதிக்கு
இன்னொரு தரம் அழுத்தினேன்.

விடியக்காலம் அறிவித்தார்கள்:
வென்றவர், விருப்பு வாக்கு, வித்தியாசம்.
நிராகரிக்கப்பட்டவை நானூற்றுப் பதினொன்று
என்பதை வாசிக்கும்போது
வெளியே மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கியிருந்தன.

கைகழுவ வெளியில் வந்தேன்.
மை போகவில்லை.
வாவிக்கு அங்கால், படுவான்கரைப் பக்கம்
வெடிச் சத்தம்.
ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
வென்றவரின் ஆட்கள் கொளுத்துகிறார்களா,
காவலிருக்கும் ஒருவர்
யானைக்குப் போடுகிறாரா என்று
இங்கிருந்து கேட்டுச் சொல்ல முடியாது.