எதிரே வராத லாரி

என் இடப்பக்கத் திருப்பம் மட்டும்
பதினோரு பனிக்காலமாகக் கோணல்.
வலப்பக்கம் வெண்ணெயில் இறங்கும் கத்தி.
இடப்பக்கம்
கதவிடுக்கில் மாட்டிய கோட்டு.

கொராஸ்தைக் கேட்டால்
"அருமை, மிலோய்கா" என்பான்.
சிவப்பு மேலங்கி, வெயில் தின்ற மூக்கு.
ஊரில் பாதிப் பேரை எலும்பு முறியாமல்
கீழே கொண்டுவந்து சேர்த்தவன்.
வரிசையில் எட்டுப் பேர்,
எட்டுப் பேருக்கும் ஒரே மருந்து:
முழங்காலை மடக்கு, தூரத்தைப் பார்.
இரண்டு மணி நேரத்துக்கு நாற்பது யூரோ.
முடிவில் சூடான ஒயின், அவன் கணக்கில்.

எல்லை தாண்டினால் ஃபில்லாக்கில்
எரன்ட்ரவுட்.
மணிக்கு நூற்றுப்பத்து.
சிரிப்புக்குத் தனிக் கட்டணம் போலிருக்கிறது.
பந்தயக்காரர்களின் கணுக்காலை மட்டுமே
இருபது வருடமாகப் பார்த்துவருகிறவள்.

"பல்லுக்கு ஒரு டாக்டர் சரி,
காதுக்கு ஒரு டாக்டர் சரி,
ஒரு திருப்பத்துக்குமா?" என்றான் ரஸ்த்கோ
உருளைக்கிழங்கை உரித்தபடி.
"ஐம்பத்து மூன்று வயதில்
யாரை முந்தப் போகிறாய்?"

யாரையுமில்லை.
எட்டுப் பேருக்குச் சொன்னதில்
என் பங்கு எதுவென்று
பதினோரு வருடமாகத் தெரியவில்லை,
அவ்வளவுதான்.

போனேன்.

அவள் என்னை உச்சிக்கு ஏற்றவில்லை.
குழந்தைகள் உருண்டு விளையாடும் சரிவில் நிறுத்தி
பூட்ஸ் கொக்கிகளை அவிழ்க்கச் சொன்னாள்.
குச்சிகளை வாங்கிக்கொண்டாள்.
நான்கு திருப்பம்.
ஐந்தாவதில் கையை உயர்த்தினாள்.

"இடப்பக்கம் போகும்போது மட்டும்
உள்ளே சாய்ந்து எட்டிப் பார்க்கிறீர்கள்.
எதைத் தேடுகிறீர்கள்?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது.
"லாரியை" என்றேன்.

யெசெனிட்சேயிலிருந்து மேலே
நாளைக்கு ஆறு நடை பேருந்து ஓட்டுகிறேன்.
இடது வளைவு ஒவ்வொன்றிலும்
மலைப்பக்கம் உடம்பைச் சாய்த்து
எதிரே மரலாரி வருகிறதா என்று பார்ப்பேன்.
இருக்கைக்குப் பழகிய முதுகு
பனியிலும் அதையே செய்திருக்கிறது.
வெளிப்பக்கத்துக் கால்
சம்பளமில்லாமல் சும்மா வந்திருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை.
மீதி நேரம் முழுவதும்
இடது சறுக்குக் கட்டையை ஒரு விரற்கடை தூக்கி
வலக்காலில் நிற்கவைத்தாள்.
மூன்று முறை விழுந்தேன்.
மஞ்சள் தலைக்கவசக் குழந்தை ஒன்று
என்னைச் சுற்றிக்கொண்டு போனது.
நான்காம் முறை
கால் பனியைக் கடித்தது.
அரை நொடி.
சத்தம்கூட வேறாக இருந்தது,
புது ரொட்டியின் ஓடு உடைவதுபோல.

திங்கட்கிழமை முதல் நடையில்
சிவப்பு மேலங்கிகளோடு கொராஸ்த் ஏறினான்.
இந்தப் பள்ளத்தாக்கில் எதுதான் மறைகிறது!
"எவ்வளவு வாங்கினாள்?"
"அறுபது" என்றேன்.
"ஒரே திருப்பத்துக்கா?"
"பாதித் திருப்பத்துக்கு.
மீதி அடுத்த மாதம்."

சிரித்தான். நல்ல மனிதன்.
அவன் ஒயினையும் விடுவதாக இல்லை.

ஏழாவது வளைவு வந்தது.
வலக்கால் தானாக அழுந்தியது,
முதுகு நிமிர்ந்தே நிற்கப் பார்த்தது.
பலவந்தமாக இடப்பக்கம் சாய்ந்தேன்.

இங்கே
லாரி நிஜமாகவே வரும்.