முப்பத்து மூன்றில் பாதி

வாழையடி வாழையாக என்று
கல்யாணப் பந்தலில் வாழ்த்துகிறோமே,
அதைக் கம்பாலாவுக்கு வடக்கே
நபுகாலுவிடம் சொல்லிவிடாதீர்கள்.
ஏணியைச் சாய்த்துவிட்டுச் சிரிப்பாள்:
"இங்கே வியாதியே அதுதான்."

அடியில் முளைக்கும் பக்கக்கன்று
தாய்க்குப் பிறந்ததில்லை, தாயேதான்.
அதே இலை, அதே கிழங்கு, அதே பலவீனம்.
ஏரிக்கரை நெடுக ஒரே மரம்
இடம் மாற்றி இடம் மாற்றி நிற்கிறது.
இலையைக் கருக்கும் பூஞ்சை
ஒரே ஒரு சாவி செய்துகொண்டு வந்தது;
எல்லா வீட்டிலும் அதே பூட்டு.

காலை ஏழு மணி, பனி உலரவில்லை.
ஏணியில் அவள். கையில் காட்டு வாழையின் ஆண்பூ.
(அதன் பழத்தில் தின்ன ஒன்றுமில்லை, முழுக்கக் கல்.)
பெண்பூக்களில் தடவிவிட்டுப்
பை மாட்டித் தேதி எழுதுகிறாள்.

அந்த ஆண்பூவின் மகரந்தப் பைக்குள்
முன்பே நடந்து முடிந்தது இது:
இருபத்திரண்டு குரோமோசோம்.
தாய்வழி பதினொன்று, தகப்பன்வழி பதினொன்று.
ஒவ்வொன்றும் தன்னை நகலெடுத்துக்கொண்டு
ஜோடியைத் தேடிப் போகிறது.
கண் கிடையாது.
தலைமாடு முதல் கால்மாடு வரை
உரசிப் பார்த்தே இன்னார் என்று அறிகிறது.
ஒட்டிப் படுக்கிறது, ஒடிகிறது,
தன் துண்டைக் கொடுத்து
அவர் துண்டைத் தைத்துக்கொள்கிறது.
பிறகு விலகல்.
எவர் எந்தப் பக்கம் என்று
யாரும் தீர்மானிப்பதில்லை.
இன்னொரு விலகல்.
ஒன்று நான்காகிறது, ஒவ்வொன்றிலும் பதினொன்று,
நான்கும் நான்கு விதம்.
பாடப்புத்தகம் குன்றல் பிரிவு என்கிறது.
எனக்கு அது
வரப்போகிறவருக்காகப் பாதி வீட்டைக்
காலி செய்து வைப்பதுபோல் தெரிகிறது.

மட்டோக்கேயிலோ முப்பத்து மூன்று.
என்றோ ஒரு தடுமாற்றத்தில்
மூன்று தொகுதி ஒரே செல்லில் மாட்டிக்கொண்டது.
முப்பத்து மூன்றில் பாதி எவ்வளவு?
குறிப்பெழுதும் செகிபாலாவின் ஏழு வயது மகள்
"பதினாறரை" என்கிறாள் சட்டென்று.
அரைக் குரோமோசோம் கிடையாது, கண்ணே.
இரண்டு கைகோக்க
மூன்றாவது நடுவில் கை நுழைக்கிறது.
இழுபறி.
ஒரு முனையில் பதினான்கு, மறுமுனையில் பத்தொன்பது.
மகரந்தம் உள்ளீடற்ற தோல்.
அதனால்தான் கல்லில்லாத காய்,
இலையில் பொதிந்து அவித்தால் மெத்தென்ற மஞ்சள் சோறு.
ஒரு நாடே பசியாறுவது
வகுபடாத கணக்கில்.

நாலு மாதம் கழித்துக் குலை இறக்கி,
பழுக்க வைத்து, வாளியில் பிசைந்து,
சமையலறைச் சல்லடையில் சலிக்கிறார்கள்.
ஒன்றுமில்லை.
மறுநாளும் ஒன்றுமில்லை.
போட்டுப் போட்டுச்
செகிபாலாவின் சைபர் அழகாகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை, நூற்றெழுபதாவது குலையில்
சல்லடை 'டிக்' என்றது.
மிளகளவு, கறுப்பு.
தண்ணீரில் போட்டாள்.
மூழ்கியது. மூழ்கினால் நல்லது.
யாரும் கத்தவில்லை;
ஒருத்தி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மண்ணை நம்பி விடவில்லை.
ஓட்டைப் பிளந்து கருவை எடுத்துக்
கண்ணாடிக் குழாயில் வளர்த்தார்கள்.
வேர் நுனியை நசுக்கி எண்ணினால்
நாற்பத்து நான்கு.
அந்த ஒரு முட்டை மட்டும்
பாதியாகும் வேலையையே கைவிட்டு
முப்பத்து மூன்றையும் மூட்டை கட்டிக்கொண்டு
குன்றாமல் இறங்கியிருக்கிறது.
காட்டிலிருந்து வந்தது பதினொன்று.
நாற்பத்து நான்கைப் பாதியாக்கலாம்.
கூப்பிட்டுச் சொன்னார்கள், சிறுமி உடனே: "இருபத்திரண்டு!"

"இதைத் திரும்பக் காட்டு வாழையோடு சேர்த்தால்?"
இருபத்திரண்டும் பதினொன்றும்.
செகிபாலா பேனாவைக் கீழே வைத்தான்.
"மறுபடி முப்பத்து மூன்றா?
இத்தனை பாடும் மறுபடி ஒரு மலட்டுப் பழத்துக்கா?"
"பின்னே, தின்ன வேண்டாமா?" என்றாள் நபுகாலு.
"வேற முப்பத்து மூன்று. வேற பூட்டு."

சாயங்காலம் வீட்டில்
வாஸ்வாவுக்கும் கட்டோவுக்கும் சண்டை.
ஒரே நாளில் பிறந்த இரட்டையர்.
ஒருவனுக்கு அவள் காது, இடதுகைப் பழக்கம்;
மற்றவனுக்கு யாருடையதென்றே தெரியாத நெற்றி.
ஒருவன் மட்டோக்கேயை வழித்துத் தின்ன,
மற்றவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

திட்டப் போனவள்
அந்தத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு திட்டினாள்.