கமத்த முடியாதவை

டெங்கு கணக்கெடுக்க வந்த விஜிலா
நேரே கொல்லைக்குப் போனாள்.
மல்லாக்கக் கிடத்திய பழைய பிரிட்ஜில்
வெள்ளாம்பல். வெயிலேற மூடிக்கொண்டது.
"கப்பி விட்டிருக்கேன், புழு நிக்காது."
எழுதிக்கொண்டாள்.

குலசேகரத்து ரப்பர் விளைகளில்
சிரட்டை சிரட்டையாய்க் கமத்தி நடப்பவள்
அயனிக் கிளையைப் பார்த்ததும் நின்றாள்.
பதினொரு குடுவைகள், மூடியோடு.

"இதையும் கமத்திரலாமா அண்ணே?"
"அது இலையாக்கும்."

நுனி நீண்டு, கம்பியாகி, கீழிறங்கி,
அடி பெருத்து வாய் திறந்த இலை.
போர்த் தண்ணீர் விட்டு இரண்டைக் கொன்ற பிறகுதான்
மழை பிடிக்கப் படித்தேன்.
ஆனியிலும் ஐப்பசியிலும் பெய்கிற ஊர்,
நாலு நீல டிரம் நிறைந்து நிற்கும்.
(வாயில் துணி கட்டியிருப்பதைத்
தனியாகக் காட்டினேன்.)
உரமும் ஆகாது.
வயிறு நிறைந்தால் வாய் வைக்காது,
வெறும் இலையாய்த் தழைக்கும்.

டார்ச் அடித்தாள் ஏழாவதில்.
கட்டெறும்பின் தலை,
ஒரு ஈச்சிறகு,
நடுவே
நெளிந்து நெளிந்து மூன்று உயிர்.
"தின்னாதா இதுகள?"
"தெரியல்ல."

மருந்துக் குப்பியைத் திறந்தவள்
கொஞ்சநேரம் அப்படியே நின்று
திருகி மூடினாள்.
கலன்கள் என்ற கட்டத்தில்
டிரம் நாலு, பிரிட்ஜ் ஒன்று.
சுவரில் தேதியும் கையெழுத்தும்.

சாயங்காலம் கணுக்காலில் சுருக்.
அடித்தேன்.
உள்ளங்கையில் நசுங்கியதோடு
என் சிவப்பும் ஒரு பொட்டு.
வழித்து
ஏழாவதில் போட்டேன்.